வைஃபையில் வீட்டு நாஸ்: நிஜமாகக் கிடைக்கும் வேகம்

என் மேசையிலிருந்து வீட்டு நாஸுக்கு (வீட்டு வலையில் ஃபைல்களைப் பொதுவாகச் சேமித்துவைக்கும் பெட்டிக்கு) வைஃபை வழியாக இப்போது வினாடிக்கு 55 மெகாபைட் போகிறது. ரவுட்டர் இருக்கும் ஹாலிலேயே உட்கார்ந்தால் 90ஐத் தொடுகிறது. ஆரம்பத்தில் இருந்தது 4. ரவுட்டரை மாற்றவில்லை, நாஸையும் மாற்றவில்லை. மாறியவை ஒரு கேபிள், ஒரு ஃபார்மாட், ரவுட்டர் வைத்திருந்த இடம், கடைசியில் லேப்டாப்புக்குள் இருந்த விரல் நுனி அளவு கார்டு. எது எவ்வளவு தந்தது, எது ஒன்றுமே தரவில்லை என்பதை எண்களோடு எழுதிவைக்கிறேன்.

முதலில் அளவைப் பற்றி. ரவுட்டர் பெட்டியிலும் இணைய வேகத்திலும் சொல்வது மெகாபிட். ஃபைல் காப்பி ஆகும்போது திரையில் தெரிவது மெகாபைட். 8 மெகாபிட் சேர்ந்தால் ஒரு மெகாபைட். கீழே நான் சொல்லும் வேகமெல்லாம் வினாடிக் கணக்கு.

என்னிடம் இருந்த சாமான்கள்: ராஸ்பெர்ரி பை 4 என்ற சின்னக் கணினி (கீழே வெறும் பை), அதன் யுஎஸ்பி 3 போர்ட்டில் ஒரு ஹார்ட் டிஸ்க், பையில் சாம்பா என்ற ஃபைல் பகிரும் மென்பொருள். இதுதான் நாஸ். ரவுட்டர் ஏஎக்ஸ்3000 வகை. லேப்டாப்பில் வைஃபை 5 கார்டு, இரண்டு ஆன்டெனா. ஏஎக்ஸ்3000 என்ற எண்ணைப் பார்த்ததும் 3000 மெகாபிட் வரும் என்று தோன்றும். அது 2.4 கிகாஹெர்ட்ஸில் 574, 5 கிகாஹெர்ட்ஸில் 2402, இரண்டையும் கூட்டி ஏறக்குறைய ஆக்கிய எண். ஒரு லேப்டாப் வழக்கமாக ஒரு நேரத்தில் ஒரு பேண்டில், அதாவது இந்த இரண்டு அலைவரிசைகளில் ஒன்றில்தான் பேசும். அந்த 2402உம் 160 மெகாஹெர்ட்ஸ் அகலச் சேனலில் இரண்டு ஆன்டெனாவோடு மட்டும். வழக்கமான 80 மெகாஹெர்ட்ஸில் அது 1201. அதுவும் வைஃபை 6 கார்டு இருந்தால். என் பழைய கார்டுக்கு உச்சமே 866. பெட்டியைப் பிரிக்குமுன்பே 3000 என்பது 866க்கு வந்துவிட்டது.

ஆரம்ப ஏற்பாட்டில் பையும் வைஃபையில்தான் இருந்தது. டிஸ்க்கும் பையும் அலமாரியில், ரவுட்டர் ஹாலில், நடுவில் கேபிள் இழுக்க மனமில்லை. ஒரு பெரிய வீடியோ ஃபைலை அனுப்பினால் 4 மெகாபைட், சில நேரம் 5. பையில் லிங்க் நிலையை, அதாவது ரேடியோ இணைப்பின் வேகத்தைப் பார்த்தால் 72 மெகாபிட் என்று காட்டியது. ஒற்றை ஆன்டெனா, 2.4 கிகாஹெர்ட்ஸ், 20 மெகாஹெர்ட்ஸ் சேனல். அந்தக் கணக்குக்கு உச்சம் அதுதான், கையில் கிடைப்பது அதில் பாதியை ஒட்டித்தான் இருக்கும். ரவுட்டர் இரண்டு பேண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருந்ததால் பை தானாக 2.4இல் போய் ஒட்டியிருந்தது. அலமாரியில் இன்னொரு தொல்லையும் இருந்தது. யுஎஸ்பி 3 ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சல் கிளப்பும். டிஸ்க்கின் கேபிள் பையின் ஆன்டெனாவை உரசிக்கொண்டு கிடந்தது. காப்பி தொடங்கியதும் சிக்னல் தரம் சரிவதை நேரடியாகவே பார்க்க முடிந்தது.

5 கிகாஹெர்ட்ஸுக்குத் தனிப் பெயர் கொடுத்து பையை அதில் இணைத்தேன். லிங்க் 433 ஆனது. வேகம் 10, 11 மெகாபைட் வரை ஏறியது. இரண்டு மடங்குக்கு மேல்தான், ஆனால் 433க்கு இது ரொம்பக் குறைவு. லேப்டாப்பும் அதே 5 கிகாஹெர்ட்ஸில், அதே சேனலில் இருந்ததுதான் முக்கியக் காரணம். லேப்டாப் பேசுவது ரவுட்டரிடம், ரவுட்டர் அதையே மறுபடி பையிடம் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பாக்கெட்டும் ஒரே காற்றில் இரண்டு முறை போகிறது. வைஃபையில் ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும், மற்றவர் காத்திருக்க வேண்டும். நாஸாவது கம்பியில் இருக்க வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான்.

சரி, பையை ஹாலுக்குக் கொண்டுவந்து ரவுட்டருக்குப் பக்கத்திலேயே வைத்து, கிடந்த ஒரு ஈதர்நெட் கேபிளை மாட்டினேன். காப்பி போட்டால் 11 மெகாபைட்! கொஞ்சம்கூட ஏறவில்லை.

இங்கேதான் வழி தவறியது. கம்பி வந்தும் ஏறவில்லையென்றால் டிஸ்க்தான் மெதுவாக இருக்கிறது என்று முடிவு செய்தேன். அதற்கு ஆதாரமும் கிடைத்தது. டிஸ்க் விண்டோஸின் என்டிஎஃப்எஸ்ஸில் ஃபார்மாட் ஆகியிருந்தது, பை அதைப் பழைய என்டிஎஃப்எஸ்-3ஜி டிரைவர் மூலம் எழுதிக்கொண்டிருந்தது. டிடி கட்டளையால் பையிலேயே 4 கிகாபைட் ஃபைல் ஒன்றை எழுதிப் பார்த்தால் 48 மெகாபைட்தான். எழுதும் நேரம் முழுக்க ஒரு கோர் நூறு சதவீதத்தில் நின்றது. இந்தச் சோதனையில் டேட்டா நிஜமாகவே டிஸ்க்கில் இறங்கி முடியும்வரை காத்திருக்கச் சொல்லும் எஃப்டேட்டாசிங்க் ஆப்ஷனைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் ராமில் எழுதிய வேகத்தைக் காட்டிவிடும், பார்க்கப் பிரமாதமாக இருக்கும்.

டிஸ்க்கில் இருந்த எல்லாவற்றையும் வேறொரு டிஸ்க்குக்கு நகர்த்தி, லினக்ஸின் இஎக்ஸ்டி4 ஆக ஃபார்மாட் செய்து, திரும்பவும் ஏற்றினேன். இந்த முழு வேலையிலும் அதிக நேரம் தின்றது இதுதான். டிடி இப்போது 120 காட்டியது. ஆவலோடு லேப்டாப்பிலிருந்து காப்பி போட்டால் அதே 11.

அப்போதுதான் ஐபெர்ஃப்3ஐ எடுத்தேன். டிஸ்க்கைத் தொடாமல், வலையை மட்டும் அளக்கும் சின்ன இலவசக் கருவி. பையில் சர்வராக ஓடவிட்டு, லேப்டாப்பை இன்னொரு கேபிளில் ரவுட்டரோடு இணைத்து ஓட்டினேன். திரையில் வந்த எண் 94 மெகாபிட். இந்த எண்ணை மனப்பாடமாக வைத்துக்கொள்ளலாம். 94 வந்தால் எங்கோ ஒரு போர்ட் 100 மெகாபிட்டில் பேசிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். சரியான கிகாபிட் இணைப்பில் 940 சுமாருக்கு வர வேண்டும். பையில் கம்பி இணைப்பின் நிலையைக் காட்டும் ஈத்டூலைப் போட்டுப் பார்த்தால் ஸ்பீட் 100 என்று தெளிவாக எழுதியிருந்தது.

காரணம் அந்தப் பழைய கேபிள். 100 மெகாபிட்டுக்கு நான்கு ஜோடிக் கம்பிகளில் இரண்டு போதும், கிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். மீதி இரண்டில் ஒரு ஜோடி அறுந்தாலும் இணைப்பு பெரும்பாலும் அறுவதில்லை, இரு முனைகளும் சத்தமில்லாமல் 100க்கு இறங்கிக்கொள்கின்றன. ஆர்ஜே45 முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், தெளிவான பிளாஸ்டிக்குக்குள் பழுப்புக் கம்பி மற்றவற்றை விட ஒரு நூல் குட்டையாக, உலோகப் பல் படாமல் நின்றது. முனையை வெட்டிப் புதிதாகக் கிரிம்ப் செய்யலாம்தான், அதாவது புது முனையைக் கருவியால் அழுத்திப் பொருத்தலாம். என்னிடம் கிரிம்பர் இல்லை, வேறொரு கேட்5இ கேபிளை மாட்டினேன். ஐபெர்ஃப் 941. கம்பியிலேயே ஃபைல் காப்பி 108 மெகாபைட்.

இந்த முழு முயற்சியில் சாமான்களிலேயே மலிவானது அந்தக் கேபிள், அதிக வேகம் தந்ததும் அதுதான். ஆனால் இஎக்ஸ்டி4 மாற்றம் வீண் என்று சொல்ல மாட்டேன். அதைச் செய்யாமல் கேபிளை மட்டும் மாற்றியிருந்தால் 108 வராது, 48க்குள் நின்றிருக்கும். வழியில் இரண்டு மூன்று அடைப்புகள் இருக்கும்போது, மிகக் குறுகலானதைத் திறக்கும்வரை மற்றதைத் திறந்த பலன் கண்ணுக்குத் தெரிவதில்லை. அதனால்தான் ஒன்றை மாற்றிவிட்டு காப்பி வேகத்தை மட்டும் பார்ப்பது ஏமாற்றும். டிஸ்க்குக்கு டிடி, வலைக்கு ஐபெர்ஃப், கடைசியில்தான் சாம்பா காப்பி. மூன்றும் தனித்தனி எண்கள்.

இனி வைஃபை. நாஸ் கம்பியில், லேப்டாப் மட்டும் காற்றில். ஹாலில் ரவுட்டருக்கு எதிரில் உட்கார்ந்தபோது லிங்க் 866, ஐபெர்ஃப் 560, காப்பி 64 மெகாபைட். மேசை இருக்கும் பக்கத்து அறையில் லிங்க் 390, ஐபெர்ஃப் 230, காப்பி 27. கடைசி அறையில், இரண்டு சுவர் தாண்டி, லிங்க் 195, காப்பி 13.

லிங்க் வேகம் என்று நான் சொல்வது விண்டோஸில் நெட்ஷெல் கட்டளையில் டபிள்யூலான் இன்டர்ஃபேஸ்களைக் காட்டச் சொன்னால் வரும் ரிசீவ் ரேட், டிரான்ஸ்மிட் ரேட். மேக்கில் ஆப்ஷன் கீயை அழுத்திக்கொண்டு வைஃபை ஐகானைக் கிளிக் செய்தால் டிஎக்ஸ் ரேட் என்று வரும். லினக்ஸில் ஐடபிள்யூ கட்டளை. இது ரேடியோ ஒரு கணத்தில் அனுப்பும் வேகம், கையில் கிடைக்கும் வேகம் அல்ல. காத்திருக்கும் நேரம், பதில் பாக்கெட், தலைப்புச் சுமை, தவறிப்போய் மறுபடி அனுப்புவது எல்லாம் அதிலிருந்து கழியும். என் அளவுகளைப் பார்த்தால் 55 முதல் 70 சதவீதம்தான் மிஞ்சுகிறது. குறுக்குக் கணக்காக, லிங்க் வேகத்தை 13ஆல் வகுத்தால் பெரிய ஃபைல் காப்பி ஆகும் மெகாபைட் வேகம் ஏறக்குறைய வந்துவிடும். 866ஐ வகுத்தால் 66, எனக்கு வந்தது 64. 390க்கு 30, வந்தது 27. தூரம் போகப் போகக் கணக்கை விடக் கொஞ்சம் குறைவாகவே கிடைக்கிறது.

காசு செலவில்லாமல் வேகம் ஏறியது ரவுட்டரை நகர்த்தியபோது. அது டிவிக்குப் பின்னால், இரும்புத் தட்டு மேல், தரையை ஒட்டி இருந்தது. அதைச் சுவரில் தோள் உயரத்துக்கு ஏற்றி, மேசை அறையின் கதவு நேராகத் தெரியும் இடத்தில் மாட்டினேன். மேசையில் சிக்னல் மைனஸ் 69 டிபிஎம்மிலிருந்து மைனஸ் 61க்கு வந்தது, அதாவது வலுத்தது. லிங்க் 390இலிருந்து 585. காப்பி 27இலிருந்து 41. அக்கம்பக்கத்து ரவுட்டர்கள் எல்லாம் 36ஆம் சேனலில் குவிந்திருப்பதை ஃபோனில் ஒரு வைஃபை அனலைசரில் பார்த்துவிட்டு 149க்கு மாற்றினேன். சராசரி வேகம் பெரிதாக ஏறவில்லை, ஆனால் மாலை நேரத்தில் திடீரென்று பாதியாக விழுவது நின்றது. எந்தச் சேனல் அனுமதி என்பது நாட்டுக்கு நாடு மாறும், ரவுட்டர் பட்டியலில் காட்டுவதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

கடைசி அறைக்காக ஒரு ரிப்பீட்டர் மாட்டிப் பார்த்தேன். சிக்னல் கோடு முழுக்க நிரம்பியது, காப்பி வேகம் 13இலிருந்து 12 ஆனது. வாங்கிய தரவை அதே சேனலில் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர், அந்தப் பழைய இரண்டு முறை காற்றில் போகும் கதையேதான். கழற்றிவிட்டேன். ரிப்பீட்டருக்கே ரவுட்டரிலிருந்து கம்பி இழுத்து அதை அக்சஸ் பாயின்ட்டாக (கம்பியில் வருவதை வைஃபையாகத் தரும் பெட்டியாக) ஓட்டினால் அது வேறு விஷயம்.

அடுத்து கார்டு. ரவுட்டர் வைஃபை 6 பேசும்போது லேப்டாப் வைஃபை 5இல் நிற்பது உறுத்திக்கொண்டே இருந்தது. லேப்டாப்பின் அடிமூடியைத் திறந்து பார்த்ததில் கார்டு சால்டர் செய்யப்படாமல் எம்.2 ஸ்லாட்டில் இருந்தது. வாங்கியது இன்டெல் ஏஎக்ஸ்200. இங்கே கவனம் வேண்டும். ஏஎக்ஸ்201 என்று கிட்டத்தட்ட அதே பெயரில் இன்னொன்று உண்டு. அது அதற்கென்றே இடம் கொடுத்த இன்டெல் போர்டுகளில் மட்டும்தான் வேலை செய்யும். ஏஎக்ஸ்200 சாதாரண எம்.2 ஸ்லாட்டில் ஏஎம்டியிலும் ஓடும். சில பழைய லேப்டாப்களின் பயாஸ் தனக்குத் தெரியாத கார்டை ஏற்காது, அதையும் மாடல் பெயரோடு தேடிப் பார்த்துவிட்டு வாங்குவது நல்லது. டிரைவரை முன்கூட்டியே டவுன்லோட் செய்து லேப்டாப்பிலேயே வைத்துக்கொண்டேன். பழையதைக் கழற்றியபின் வைஃபை இருக்காது.

பவரை அணைத்து, பேட்டரி கனெக்டரைக் கழற்றியபின், கார்டைப் பிடித்திருக்கும் ஒற்றை ஸ்க்ரூவை எடுத்தேன். கார்டின் மேல் இரண்டு ஆன்டெனா வயர், ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளை, நுனியில் கடுகை விடச் சற்றே பெரிய உலோக மூடி. அதைப் பக்கவாட்டில் இழுத்தால் விளிம்பு நசுங்கிவிடும். தட்டையான பிளாஸ்டிக் துண்டை அடியில் கொடுத்து நேர் மேலே தூக்கினால் விட்டுவிடும். திரும்ப மாட்டும்போது மூடியைச் சரியாக நடுவில் உட்கார வைத்து விரலால் அழுத்த வேண்டும், ‘டக்’ என்று ஒரு மெல்லிய சத்தம் வரும். சத்தம் வராமல் அழுத்திக்கொண்டே இருந்தால் அது கோணலாக உட்கார்ந்திருக்கிறது. பல தடவை கழற்றி மாட்டினால் பிடிப்புத் தளர்ந்துவிடும், அதனால் ஒரே தடவையில் முடிக்கப் பார்க்க வேண்டும். இரண்டில் ஒன்று சரியாக உட்காரவில்லையென்றாலும் வைஃபை வேலை செய்யும், லிங்க் மட்டும் பாதியாகத் தெரியும்.

புதுக் கார்டோடு ஹாலில் லிங்க் 1201, ஐபெர்ஃப் 800, காப்பி 90. மேசையில் லிங்க் 720, காப்பி 55. நாஸிலிருந்து எடுக்கும்போது 58. எழுதுவது கொஞ்சம் குறைவு, தூரம் கூடக் கூட இந்த வித்தியாசம் பெரிதாகிறது. லேப்டாப் ரேடியோவின் பலம் ரவுட்டரின் பலத்துக்கு ஈடில்லை. ஐபெர்ஃப்பில் ஆர் சுவிட்ச் சேர்த்தால் எதிர்த்திசையையும் அளக்கலாம், இரண்டையும் பார்க்க வேண்டும். லேப்டாப் பேட்டரியில் ஓடும்போது கார்டு பவர் மிச்சம் பிடிக்கும், அளக்கும்போது சார்ஜரில் மாட்டியிருக்க வேண்டும்.

160 மெகாஹெர்ட்ஸையும் சோதித்தேன். லிங்க் 2402 என்று காட்டியது, காப்பி 106. ரவுட்டரின் லேன் போர்ட் கிகாபிட், பையும் கிகாபிட், அதற்கு மேல் போக வழியில்லை. அதோடு அவ்வளவு அகலச் சேனல் ரேடார் பயன்படுத்தும் அலைவரிசையைத் தொடுகிறது. ரவுட்டரை இயக்கும் ஒவ்வொரு முறையும் அது குறைந்தது 60 வினாடி காத்திருந்து ரேடார் இல்லையென்று உறுதி செய்தபின்தான் 5 கிகாஹெர்ட்ஸ் எழும். மேசையில் 160ஆல் கிடைத்த லாபம் கொஞ்சம்தான், சிக்னல் இரைச்சலில் ஆடியது அதிகம். 80க்கே திரும்பிவிட்டேன்.

இவ்வளவும் பெரிய ஃபைலுக்கு. புகைப்படக் கோப்புறைகளில் ஆயிரக்கணக்கில் கிடக்கும் சின்னச் சின்ன தம்ப்நெயில் ஃபைல்களை அனுப்பினால் அதே 90 மெகாபைட் இடத்தில் 2, 3தான் வருகிறது. ஒவ்வொரு ஃபைலுக்கும் திற, எழுது, தேதி போடு, மூடு என்று சாம்பா பல முறை கேட்டுப் பதில் வாங்க வேண்டும், வைஃபையில் ஒவ்வொரு பதிலுக்கும் கம்பியை விடக் கூடுதல் தாமதம். இதற்கு வைஃபை வேகத்தைக் கூட்டிப் பயனில்லை. விண்டோஸில் ரோபோகாபியை எம்டி சுவிட்சோடு ஓட்டினால் பல ஃபைல் ஒரே சமயத்தில் போகும், 3 இருந்தது 12 ஆனது. மாதக் கணக்கில் தொடாத பழைய கோப்புறைகளை ஒரே டார் ஃபைலாகக் கட்டி அனுப்புவது அதை விட நன்றாக இருக்கிறது. மாறியதை மட்டும் காப்பி செய்யும் ஆர்சிங்க் கருவியை எஸ்எஸ்ஹெச் என்ற பாதுகாப்பான இணைப்பு வழியாக ஓட்டியபோது பையின் ஒரு கோர் முழுக்கச் சங்கேதமாக்குவதிலேயே போயிற்று, பை 4 சிப்பில் ஏஇஎஸ் என்ற சங்கேத முறைக்கு வன்பொருள் உதவி கிடையாது. வீட்டு வலைக்குள்தானே என்று சங்கேதமில்லாத ஆர்சிங்க் டீமனாக மாற்றினேன்.

காப்பி ஜன்னலில் முதல் சில வினாடி தெரியும் எண்ணை நம்பக் கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். முதலில் வருவது பையின் ராமில் போய்ச் சேர்வதால் டிஸ்க் வேகம் உடனே கணக்கில் வராது. என் சோதனை ஃபைல் 12 கிகாபைட், பையின் ராம் 4. கடைசி மூன்றில் ஒரு பங்கு ஓடும்போது தெரிந்த வேகத்தைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

மறுபடி முதலிலிருந்து செய்தால் வரிசை மாறும். டிஸ்க்கைக் காலியாக இருக்கும்போதே இஎக்ஸ்டி4 ஆக்குவேன். நாஸை ரவுட்டருக்குப் பக்கத்தில் கம்பியில் வைப்பேன், மாட்டியதும் 940 வருகிறதா என்று பார்ப்பேன். முதல் முழு பேக்கப்பை லேப்டாப்பையும் கம்பியில் மாட்டியே எடுப்பேன். ஒரு டெராபைட் 108இல் மூன்று மணி நேரத்துக்குள் முடியும், 55இல் ஐந்து மணி நேரம் ஆகும், 4இல் கிட்டத்தட்ட மூன்று நாள் ஆகும். அதன்பின் தினமும் மாறியது மட்டும் வைஃபையில் போகட்டும், அதற்கு 55 தாராளம்.

கடைசி அறை இன்னும் 20ஐ ஒட்டித்தான் இருக்கிறது. அதற்கு மேல் ஏற்ற வைஃபை பக்கம் எதுவும் வாங்கப் போவதில்லை. கேட்6 கேபிள் ஒன்றைச் சுவரோர பட்டைக்குள் இழுத்து, அங்கே கழற்றிவைத்த ரிப்பீட்டரை அக்சஸ் பாயின்ட்டாக மாட்டப் போகிறேன். முனைகளை நானே போடுவதாக இருப்பதால் இந்த முறை கிரிம்பரும் ஒரு கேபிள் டெஸ்டரும் பட்டியலில் இருக்கின்றன.